வியர்வை காயாத ஊருக்கு

மாசிக் கடைசியில் கோலார் தங்கவயலிலிருந்து சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் வீட்டில், பெட்டி கட்டும்போது ஒரு வாக்குவாதம் வரும். "இங்கேயும் 32 டிகிரி, அங்கேயும் 32 டிகிரி. எதுக்கும்மா இத்தனை துணி?" என்று பையன் போனை நீட்டிக் காட்டுவான். அம்மா வாதாட மாட்டார். இன்னும் இரண்டு ஜாக்கெட்டையும் ஒரு துண்டையும் பெட்டிக்குள் திணிப்பார். எண்ணைப் பார்த்தால் பையன் சொல்வதுதான் சரி. சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பேசி முடிப்பதற்குள் அம்மா செய்தது சரியென்று ஆகிவிடும். இருவரும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதற்குள் ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. அதை மனித உடம்பில் அளந்து பார்த்த இடங்களில் தங்கவயலும் ஒன்று.

முதலில் உயரக் கணக்கு. தங்கவயல் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 850 மீட்டரில் இருக்கிறது. மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று பழைய சுரங்கங்களின் பெயரைச் சுமந்து நிற்கும் நிலையங்களைக் கடந்து, பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, குப்பம் தாண்டினால் எல்லாம் இறக்கம்தான். ஜோலார்பேட்டை வருவதற்குள் பாதி உயரம் போய்விடும். காட்பாடியில் 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சென்னையைப் பூஜ்ஜியம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே சுமார் 3.2 கிலோமீட்டர் வரை போனது. அதன் கூண்டு முதல் 850 மீட்டர் இறங்கியதும் மெரினா மணலின் மட்டத்துக்கு வந்துவிடும். அதற்குக் கீழே தோண்டியதெல்லாம் கடல் மட்டத்துக்கும் கீழே. தாத்தா ஷிஃப்டுக்குப் போகும்போது சில நிமிடங்களில் நேர்க்குத்தாக இறங்கிய உயரத்தைத்தான் பேரன் ஐந்தாறு மணி நேரத்தில் சாய்வாக இறங்குகிறான். இதை வெறும் வேடிக்கைக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பயணங்களிலும் காற்றுக்கு நேர்வது ஒன்றே.

காற்று கீழே இறங்கினால், மேலிருக்கும் காற்றின் கனம் அதை அமுக்குகிறது. அமுங்கும் காற்று சூடாகும். உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி கூடும். அடுப்பு வேண்டாம், வெயில் வேண்டாம், இறங்கினாலே போதும். 3.2 கிலோமீட்டர் ஆழத்துக்குக் காற்றை அனுப்பினால், பாறையைத் தொடுவதற்கு முன்பே அது 30 டிகிரிக்குமேல் கூடுதலாகச் சூடேறியிருக்க வேண்டும். பாறையோ தன் பங்குக்கு அந்த ஆழத்தில் சுமார் 65 டிகிரியில் காத்திருந்தது.

இதே கணக்கைச் சென்னைக்குப் போடுவோம். தங்கவயலில் 32 டிகிரியில் இருக்கும் காற்று 850 மீட்டர் இறங்கினால் 8 டிகிரி கூடி 40-ஐத் தொட வேண்டும். ஆனால் பிப்ரவரி முடிந்து மார்ச் தொடங்கும் நாட்களில் சென்னையின் பகல் வெப்பம் 31, 32, 33 என்றுதான் இருக்கிறது. மீதி 8 டிகிரி எங்கே போனது?

கடல்தான் பதில் என்று எல்லாருக்கும் தெரியும். கடற்காற்று குளிர்ச்சியாக வீசுகிறது, வெப்பம் தணிகிறது. ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதியைப் பார்க்க, காற்றுக்குள் இருக்கும் நீரை எடைபோட வேண்டும். மாசி மதியம் தங்கவயலில் ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 10 கிராம் நீராவி இருக்கும். சென்னையில் அதே 32 டிகிரிக்கு 65 சதவீதம் என்று வைத்தால் அது 22 கிராம். கூடுதலாக இருக்கும் இந்த ஒரு கைப்பிடி நீர் சும்மா ஆவியாகிவிடவில்லை. ஒவ்வொரு கிராமும் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை விழுங்கிக்கொண்டுதான் காற்றில் ஏறியது. அந்த வெப்பம் அழியவில்லை, ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. கணக்குப் பார்த்தால், சென்னைக் காற்றில் கூடுதலாக ஒளிந்திருக்கும் வெப்பம் மட்டும் வெளியே வந்தால், அதே காற்றை இன்னும் 20 டிகிரிக்குமேல் சூடாக்கப் போதும். வெப்பமானி அதைக் காட்டாது. நம் தோல் மட்டும்தான் உடனே கண்டுபிடிக்கும்.

தோல் எப்படிக் கண்டுபிடிக்கிறது? சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறான். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறினால் அது மூன்று மடங்குக்கு ஏறும். தோலின் வெப்பம் 35 டிகிரியை ஒட்டி இருப்பதால், 32 டிகிரிக் காற்று நேரடியாக வாங்கிக்கொள்ளும் வெப்பம் கொஞ்சம்தான். மீதியை வியர்வை ஆவியாகி எடுத்துப்போக வேண்டும். உடம்பு ஒரு மண்பானை. கசிவதால் குளிராது, கசிந்தது ஆவியாவதால்தான் குளிரும். மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருப்பதில்லை என்று கேட்டிருந்தால், சென்னையில் சட்டை ஏன் காய்வதில்லை என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்திருக்கும்.

இதை எண்ணாக்கிக் காட்டும் கருவி எளிமையானது. இரண்டு வெப்பமானிகளைப் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றின் குமிழுக்கு மெல்லிய மஸ்லின் துணி சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீரில் நனைத்து வையுங்கள். முதலாவது காற்றின் வெப்பத்தைச் சொல்லும். இரண்டாவது, துணியிலிருந்து நீர் ஆவியாவதால் இறங்கி, எங்கே நிற்கிறதோ அது ஈரக் குமிழ் வெப்பநிலை. வியர்த்த மனிதன் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும் நிலைக்கு இதைவிட நெருங்கிய கருவி கிடையாது. துணி உடுத்திய ஒரே வெப்பமானி இதுதான். நாம் எடுத்துக்கொண்ட 32 டிகிரி மதியத்தில் தங்கவயலில் ஈரக் குமிழ் 19 டிகிரியை ஒட்டி நிற்கும். சென்னையில் 26-ஐத் தாண்டும். போன் திரையில் ஒரே எண். துணி உடுத்திய வெப்பமானியில் 7 டிகிரி வித்தியாசம்.

வறண்ட சூட்டை மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கு 1774-இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் நடத்திய சோதனை இன்றும் வியப்பூட்டும். நீரின் கொதிநிலையையும் தாண்டிச் சூடேற்றிய அறைக்குள் அவரும் நண்பர்களும் போய் நின்றார்கள். உள்ளே வைத்த முட்டை வெந்தது, இறைச்சித் துண்டும் வெந்தது, மனிதர்கள் வியர்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள். காற்று உலர்ந்திருந்தவரை வியர்வை காப்பாற்றியது. ஆனால் அதை விதியாக வகுத்தவர் ஜே. எஸ். ஹால்டேன். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் டோல்கோத் என்ற தகரச் சுரங்கத்துக்குள் இறங்கி அவர் செய்த ஆய்வுகளின் முடிவு 1905-இல் வந்தது. மனிதனை வீழ்த்துவது உலர் வெப்பமானியின் எண்ணில்லை, ஈரக் குமிழின் எண்தான் என்று அவர் காட்டினார். அசையாத காற்றில் ஈரக் குமிழ் 31 டிகிரியைத் தாண்டினால், இடுப்புக்குமேல் துணியில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல்வெப்பமும் ஏறத் தொடங்கும். காற்று வீசினால் அந்த எல்லை 34 வரை நகரும்.

கார்ன்வால் என்ற பெயர் தங்கவயலுக்கு அந்நியமில்லை. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே வேலையைத் தொடங்கியபின், கார்ன்வாலின் சுரங்கங்களில் பழகியவர்கள்தான் மேற்பார்வைக்கு வந்தார்கள். கீழே இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பங்கினர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள். ஆழம் கூடக் கூட டோல்கோத்தின் பிரச்சினை இங்கே பல மடங்காக வந்து சேர்ந்தது. தூசி அடங்க நீர் தெளிப்பார்கள். அந்த நீர் சூடான பாறையில் ஆவியாகும். காற்றின் வெப்பம் கொஞ்சம் இறங்கும், ஈரம் ஏறும். அதாவது காணும் வெப்பம் ஒளியும் வெப்பமாக மாறும். சென்னையில் கடல் செய்வதும் இதைத்தான். அளவு மட்டும்தான் வேறு.

1940-களில் ஏ. கேப்லன் என்பவர் தங்கவயலில் நிலத்தடியில் மயங்கி விழுந்த தொழிலாளர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். பிறகு ஜே. கே. லிண்ட்சேயுடன் சேர்ந்து, வெப்பமும் ஈரமும் ஏற ஏற ஆழத்தில் வேலைத்திறன் எப்படி விழுகிறது என்று சோதித்துப் பார்த்தார். வேலைத்திறன் என்ற சொல்லில் கம்பெனியின் கவலைதான் முதலில் தெரிகிறது. இருந்தாலும் வெப்ப உடலியல் ஆய்வாளர்கள் பிற்காலத்திலும் அந்தத் தாள்களை மேற்கோள் காட்டினார்கள். கம்பெனி கண்ட தீர்வு, மேலேயே காற்றைக் குளிர்வித்து, அதிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுத்துவிட்டுக் கீழே அனுப்புவது. தொழிலாளி கண்ட தீர்வு அதைவிடப் பழையது: ஆழத்தில் பலரும் மேலுடம்பில் துணியே போடவில்லை.

கல்யாண மண்டபத்தில் அந்தத் தீர்வு எடுபடாது. ஆகவே துணிக்கு வருவோம்.

பருத்தியா, பாலியெஸ்டரா என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி இழை தன் எடையில் 8 சதவீதத்துக்குமேல் நீரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். பாலியெஸ்டர் இழை அரை சதவீதம்கூட வைத்துக்கொள்ளாது. அதனால் பருத்தி தோலிலிருந்து வியர்வையை வாங்கிக்கொள்கிறது, ஒட்டுகிற உணர்வு தாமதமாக வருகிறது. தங்கவயலில் இது போதும். வாங்கிய வியர்வையைக் காற்று உடனே கொண்டுபோய்விடும். சென்னையில் பருத்தி வாங்கிக்கொண்டே இருக்கும், கொடுக்க முடியாது. ஒரு கட்டத்தில் சட்டை முழுக்க ஈரம், எடை, ஒட்டல். விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியெஸ்டர் பனியன் வியர்வையை இழைகளுக்கு இடையே பரப்பிச் சீக்கிரம் காயவைக்கும் என்பது உண்மை. ஆனால் காற்று வாங்கிக்கொள்ளும் அளவுக்குமேல் எந்தத் துணியாலும் காய முடியாது. பாலியெஸ்டருக்கு இன்னொரு குறையும் உண்டு. 2014-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடற்பயிற்சி செய்தவர்களின் உடைகளை எடுத்துச் சோதித்தபோது, நாற்றத்தோடு தொடர்புள்ள மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாக்கள் பாலியெஸ்டரில் நன்றாக வளர்ந்திருந்தன. மெல்லிய பருத்தி, அல்லது பருத்தி கூடுதலாக உள்ள கலவை என்பது என் தேர்வு. ஜீன்ஸ் வேண்டாம். இளைஞர்கள் கேட்க மாட்டார்கள் என்பது தெரியும்.

நூல் எது என்பதைவிடத் தையல் எப்படி என்பது முக்கியம் என்று நினைக்கிறேன். இதற்கு ஒரு நல்ல சான்று பாலைவனத்திலிருந்து வருகிறது. சினாய் பாலைவனத்தின் பெடூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று 1980-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிகச் சூட்டை வாங்கத்தான் செய்கிறது. ஆனால் தொளதொளவென்ற அங்கிக்கும் தோலுக்கும் நடுவே காற்று ஓடுவதால், அந்தக் கூடுதல் சூடு உடம்பை அடையுமுன் வெளியேறிவிடுகிறது. தோலுக்கு வந்து சேர்ந்த வெப்பம் இரண்டு நிறத்திலும் ஒன்றேதான். ஹால்டேனின் எல்லையை 31-லிருந்து 34-க்கு நகர்த்தியதும் இதே ஓடும் காற்றுதான். நடக்கும்போது வேட்டி வீசுகிறதே, அந்த வீச்சு சின்னதொரு மின்விசிறி. இறுக்கிப் பிடிக்கும் சட்டை அந்த விசிறியை நிறுத்திவிடுகிறது. பட்டுப் புடவைக்கு வேறு வழியில்லை, மண்டபத்தில் விசிறிக்கு நேர்கீழே இடம் பிடிப்பதைத் தவிர. பெண்கள் அதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போது எண்ணிக்கை. இதில்தான் அம்மாவின் கை சரியாக வேலை செய்திருக்கிறது. துவைத்த துணி எவ்வளவு வேகத்தில் காயும் என்பது, ஈரத் துணியின் மேற்பரப்பில் உள்ள ஆவி அழுத்தத்துக்கும் சுற்றியுள்ள காற்றின் ஆவி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்று ஒரே அளவில் வீசுவதாக வைத்து, நிழலில் காயப்போட்ட துணிக்குக் கணக்குப் போட்டால், தங்கவயல் மதியத்தின் வேகத்தில் பாதிதான் சென்னை மதியத்தில் கிடைக்கும். இரவில் 28 டிகிரியும் 80 சதவீத ஈரமும் உள்ள அறையில் அது கால்பங்காகக் குறையும். ஊரில் ராத்திரி துவைத்து விடிவதற்குள் மடித்து வைத்துப் பழகியவர், சென்னை உறவினர் வீட்டின் கொடியில் காலையில் ஈர பனியனைத் தடவிப் பார்த்துத் திகைப்பார். ஆகவே வெயில் ஒன்று என்பதற்காகத் துணியும் ஒன்று என்று முடிவு செய்யக் கூடாது. உள்ளாடையும் பனியனும் ஜாக்கெட்டும் ஊர்க் கணக்கில் இரட்டை. தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம். மெல்லிய ஈரிழைத் துண்டு பாதி நேரத்தில் காயும்.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோர நகரத்தில் துணியை ஆள்வது அதுதான். தங்கவயலில் வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் சட்டையின் முதுகில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். சென்னையில் அது அவ்வளவாகத் தெரியாது. வியர்வையில் உப்பு இல்லாமலில்லை. சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். சென்னையின் இரவுகள் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கின்றன. கழற்றி மாட்டிய சட்டை நள்ளிரவில் தொட்டால் பிசுபிசுப்பது இதனால்தான். வியர்த்தவர் தூங்கப் போய்விட்டார், உப்பு இன்னும் நீர் சேர்த்துக்கொண்டிருக்கிறது. கடல்நீர் இன்னும் மோசம். அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரத்திலேயே நீர்த்துவிடும். மெரினாவில் கால் நனைக்கப் போய் இடுப்புவரை நனைந்து திரும்பிய கால்சட்டையை நல்ல தண்ணீரில் அலசாமல் எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் முழுசாகக் காயாது. குழாய்த் தண்ணீர் ஒரு வாளி போதும், உப்பு போய்விடும்.

இவ்வளவும் சொன்னபின், கம்பளிச் சட்டையை வீட்டிலேயே விட்டுவிடலாமா என்றால், கூடாது. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். தங்கவயலில் அதிகாலை 16, 17 டிகிரிக்கு இறங்கும். காற்றில் ஆவி குறைவாக இருப்பதால், பகலில் நிலம் வாங்கிய வெப்பம் இரவில் தடையின்றி வானத்துக்குப் போய்விடுகிறது. அந்த இருட்டில்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் குல்லாவும் மஃப்ளருமாக மாரிக்குப்பத்தில் ரயிலுக்கு நிற்கிறார்கள்; 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு ஊரின் பெரிய ஷிஃப்ட் அதுதான். சென்னையில் அதே நேரம் 22, 23 டிகிரி. அங்கே இரவு அதற்குக் கீழே இறங்காததற்கு இரண்டு காரணம். நீராவி நிலத்தின் வெப்பத்தைப் போகவிடாமல் திருப்பி அனுப்புகிறது. அதோடு, காற்று தன் பனிநிலையை, அதாவது ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலையை நெருங்கியதும், ஒளிந்திருந்த வெப்பம் வெளியே வந்து மேற்கொண்டு குளிரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பிப்ரவரியில் கரையோர வங்கக் கடல் சுமார் 27 டிகிரியில் இருக்கும். ஆண்டிலேயே கடல் குளிர்ந்திருக்கும் மாதங்கள் இவை என்பதால், சென்னைக்குப் போக இதைவிட நல்ல நேரம் கோடையில் வாய்க்காது. சித்திரைக்குள் கடல் மேலும் சூடாகி, பனிநிலையும் கூடவே ஏறிவிடும்.

ஆக, கம்பளி ஒன்று போதும், அதுவும் பெட்டியின் அடியில் இல்லாமல் கைப்பையில். போகும்போது பங்காருப்பேட்டை வரைக்கும், திரும்பும்போது குப்பத்திலிருந்தும் அது தேவைப்படும். நடுவில் இருக்கும் நாட்களில் உடம்பு சென்னைக்குப் பழகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெப்பத்துக்கு உடம்பு பழகி, வியர்வை சீக்கிரம் வரவும் அதில் உப்பு குறையவும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். கல்யாணத்துக்குப் போனவர் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார்.

திரும்பியதும் எல்லாத் துணியையும் ஒரு முறை அலசிவிட வேண்டும், சென்னையில் போட்டுக் கழற்றியது காய்ந்து சுத்தமாகத் தெரிந்தாலும்கூட. தங்கவயலின் உலர்ந்த பங்குனிக் காற்றில் உப்பு தூளாகி இழைக்குள் உட்கார்ந்துவிடும், வெளியே தெரியாது. அலசாமல் பீரோவில் மடித்து வைத்தால், ஐப்பசி மழையில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டும் காலையில் அந்தச் சட்டையின் அக்குளும் கழுத்துப்பட்டையும் மட்டும் தனியாக ஈரமாகி, அங்கிருந்து பூஞ்சை பிடிக்கத் தொடங்கும்.